மிகைமை நீக்கலும் மிகைமை காத்தலும்: கோப்புச் சுருக்க மென்பொருள்களின் வரலாறும் ஆவணக்காப்பும் (1977–2024)

ஆய்வுச்சுருக்கம்

கோப்புகளைச் சுருக்கிச் சேமிக்கும் மென்பொருளைத் தேர்ந்தெடுக்கும்போது, எது கோப்பை மிகச் சிறிதாக்குகிறது என்பதே பெரும்பாலும் முதற்கேள்வியாக எழுகிறது. 1977 முதல் 2024 வரையிலான சுருக்க மென்பொருள்களின் வரலாற்றை ஆராயும் இக்கட்டுரை, நீண்டகால ஆவணக்காப்பில் அக்கேள்வி இரண்டாம் இடத்துக்கே உரியது என நிறுவ முயல்கிறது. சுருக்கம் தரவிலுள்ள மிகைமையை நீக்குகிறது. காப்போ மிகைமையால் நிலைபெறுகிறது. இம்முரண் பிட்டுகளின் நிலையிலும், கோப்பு வடிவம் பற்றிய அறிவின் நிலையிலும், மென்பொருளைப் பேணும் மனிதர்களின் நிலையிலும் வெளிப்பட்ட விதம் ஆர்க், ஜிப், ஜிஜிப், பிஜிப்2, செவன்-ஜிப், எக்ஸ்.இசட் ஆகியவற்றின் வழி விளக்கப்படுகிறது. தமிழ் மின்பனுவல்களின் குறியேற்றச் சிக்கலும் இக்கண்ணோட்டத்தில் அணுகப்படுகிறது.

திறவுச்சொற்கள்: தரவுச் சுருக்கம், ஆவணக்காப்பு, மிகைமை, ஜிப், காப்புரிமை, காப்புநகல், ஒருங்குறி.

முன்னுரை

நன்னூல் நூலுக்குரிய குற்றங்கள் பத்தினை வகுக்கும்போது, கூறியதையே மீண்டும் கூறுவதை அவற்றுள் ஒன்றாக வைக்கிறது. நூல் செறிவுற அமைதல் வேண்டும் என்னும் நோக்கில் இது பொருத்தமே. ஆனால், பழந்தமிழ் நூல்கள் இன்றுவரை வந்து சேர்ந்தமைக்குக் காரணம் அவை மீண்டும் மீண்டும் படியெடுக்கப்பட்டமையே ஆகும். ஓர் ஓலைச்சுவடி செல்லரித்த இடத்தில் மற்றொரு படி துணைநின்றது. உ. வே. சாமிநாதையர் முதலிய பதிப்பாசிரியர்கள் பல சுவடிகளை ஒப்புநோக்கிப் பாடத்தை மீட்க முடிந்ததும் இதனாலேயே. நூலுக்குள் குற்றமாகும் மிகை, நூலைக் காப்பதில் அரணாகிறது.

கணினிக் கோப்புகளைச் சுருக்கும் மென்பொருள்களின் வரலாறும் இத்தகைய முரண் ஒன்றின்மீதே எழுந்துள்ளது. கல்வெட்டு மைப்படிகளின் படங்கள், சுவடிகளின் வருடல்கள், களஆய்வு ஒலிப்பதிவுகள், தட்டெழுதப்பட்ட பனுவல்கள் எனத் தமிழாய்வின் மூலங்கள் பலவும் இன்று கோப்புகளாகவே உள்ளன. அவற்றை வன்தட்டிலும் குறுவட்டிலும் காப்புநகல்களாக வைக்கும்போது, பல கோப்புகளை ஒன்றாகக் கட்டிச் சுருக்கி வைப்பது வழக்கமாக உள்ளது. அதற்கு எந்த மென்பொருளைக் கொள்வது என்னும் தேர்வு தொழில்நுட்பச் சிறுசெய்தி போலத் தோன்றும். எனினும், அக்கோப்பு முப்பது ஆண்டுகளுக்குப் பின் திறக்குமா என்பது பெரிதும் இத்தேர்வைப் பொறுத்தது. எனவே, கடந்த அரை நூற்றாண்டில் எவ்வடிவங்கள் நிலைத்தன, எவை மறைந்தன, ஏன் என்பதை வரலாற்று நோக்கில் அறிவது ஆய்வாளர்க்கு இன்றியமையாததாகிறது.

இக்கட்டுரை இழப்பற்ற சுருக்கத்தை மட்டுமே எடுத்துக்கொள்கிறது. விரித்தபின் மூலக்கோப்பு ஒரு பிட்டும் மாறாமல் மீள்வதே இழப்பற்ற சுருக்கம். கண்ணுக்கும் காதுக்கும் எளிதில் புலப்படாதவற்றைக் கழித்துவிடும் இழப்புடைய சுருக்கம் வேறு வகையான இடர்களைக் கொண்டது. 2013-இல் டேவிட் கிரீசல் என்னும் ஜெர்மானியக் கணினியியலாளர், ஜெராக்ஸ் நிறுவனத்தின் சில வருடிக் கருவிகள் ஆவணங்களிலுள்ள எண்களை மாற்றிப் பதிவதை வெளிப்படுத்தினார். ஜேபிஐஜி2 என்னும் சுருக்கமுறை ஒத்த தோற்றமுடைய உருவங்களை ஒன்றாகக் கொண்டதால் 6 என்னும் எண் 8 ஆகியிருந்தது. மூல ஆவணங்களுக்கு அம்முறை ஏன் பொருந்தாது என்பதற்கு இச்சான்று ஒன்றே போதும்.

1. கோட்பாட்டு அடித்தளம்

தரவுச் சுருக்கத்தின் கோட்பாட்டு மூலம் கிளாட் ஷானன் 1948-இல் பெல் நிறுவனத்தின் தொழில்நுட்ப இதழில் வெளியிட்ட தகவல்தொடர்பின் கணிதக் கோட்பாடு பற்றிய கட்டுரையாகும். ஒரு செய்தியில் முன்கூட்டியே ஊகிக்கத்தக்க பகுதி எவ்வளவு உள்ளதோ அவ்வளவும் மிகைமை என அவர் கருதினார். எட்டெழுத்து அளவிலான தொடர்புகளை மட்டும் கணக்கிட்டாலும், ஆங்கில உரைநடையின் மிகைமை ஏறத்தாழ 50 விழுக்காடு என அவர் மதிப்பிட்டார். மிகைமையை எந்த எல்லைவரை நீக்கலாம் என்பதை அக்கட்டுரை நிறுவியது. இரைச்சல் மிக்க தடத்தில் செய்தி பிழையின்றிச் சென்றுசேர எந்த அளவு மிகைமையைச் சேர்க்க வேண்டும் என்பதையும் அதே கட்டுரை நிறுவியது. நீக்குவதும் சேர்ப்பதும் ஒரே கோட்பாட்டின் இரு பகுதிகளாகப் பிறந்தன என்பது இங்குக் கருதத்தக்கது.

பின்வந்த ஆய்வுகள் இவ்விரு திசைகளிலும் தனித்தனியே வளர்ந்தன. நீக்கும் திசையில், மிகுதியாக வரும் குறிக்குக் குறுகிய குறியீடும் அருகி வரும் குறிக்கு நீண்ட குறியீடும் வழங்கும் முறையை டேவிட் ஹஃப்மன் 1952-இல் வெளியிட்டார். இஸ்ரேலின் ஹைஃபா நகரிலுள்ள டெக்னியான் நிறுவனத்தைச் சேர்ந்த ஆபிரகாம் லெம்பல், ஜேக்கப் ஜிவ் ஆகிய இருவரும் 1977, 1978 ஆகிய ஆண்டுகளில் இரு கட்டுரைகளை வெளியிட்டனர். முன்பு வந்த ஒரு தொடர் மீண்டும் வரும்போது, அதனை முழுவதும் எழுதாமல் இத்தனை இடம் பின்சென்று இத்தனை எழுத்துகளை எடுத்துக்கொள்க எனச் சுட்டுவது முதல் கட்டுரையின் அடிப்படை. சேர்க்கும் திசையில், இர்விங் ரீட், கஸ்டாவ் சாலமன் ஆகியோர் 1960-இல் உருவாக்கிய பிழைதிருத்தக் குறியீடு குறிப்பிடத்தக்கது.

லெம்பல்–ஜிவ் முறையின் ஒரு விளைவு காப்பகத்துக்கு முதன்மையானது. பின்வரும் பகுதி முன்வந்த பகுதியைச் சார்ந்தே பொருள்படுவதால், முன்பகுதியில் நேரும் ஒரு சிறு சிதைவு அதன்பின் வருவதையும் சிதைக்கும். சுருக்கப்படாத உரைக்கோப்பில் ஒரு பைட்டு பழுதானால் ஓர் எழுத்து மட்டுமே கெடும். சுருக்கிய கோப்பில் அதே பழுது பல பக்கங்களைக் கெடுக்கக்கூடும்.

2. நாடாவும் நெகிழ்வட்டும்: இரு மரபுகள்

கோப்புகளைக் கட்டுவதிலும் சுருக்குவதிலும் இரு மரபுகள் தோன்றின. முதலாவது யூனிக்ஸ் மரபு. 1979-இல் வந்த யூனிக்ஸ் ஏழாம் பதிப்பில் இடம்பெற்ற டார் என்னும் கருவி, தன் பெயருக்கேற்பக் காந்தநாடாவில் ஆவணங்களை வைப்பதற்கென உருவானது. அது கோப்புகளைச் சுருக்குவதில்லை. 512 பைட்டுத் தொகுதிகளாக ஒன்றன்பின் ஒன்றாக அடுக்குகிறது. ஒவ்வொரு கோப்புக்கும் முன்னால் அதன் பெயர், அளவு, நாள் முதலியவற்றைத் தலைப்பாக எழுதுகிறது. நாடாவின் ஒரு பகுதி பழுதுற்றாலும் அடுத்த தலைப்பிலிருந்து படிப்பைத் தொடரலாம். சுருக்கம் தேவைப்பட்டால் அதனை வேறொரு கருவி செய்யும்.

இரண்டாவது தனிக்கணினி மரபு. 1980-களின் நடுவில் கோப்புகள் 360 கிலோபைட்டு நெகிழ்வட்டுகளிலும் தொலைபேசி வழி இயங்கிய தகவல்பலகைகளிலும் பரவின. இணைப்பு நேரத்துக்கேற்பக் கட்டணம் ஏறியதால், கட்டுதலையும் சுருக்குதலையும் ஒரே கருவி செய்வது பயனுடையதாயிற்று. அமெரிக்காவின் சிஸ்டம் என்ஹான்ஸ்மென்ட் அசோசியேட்ஸ் நிறுவனம் 1985-இல் வெளியிட்ட ஆர்க் இத்தேவையை நிறைவு செய்தது. விஸ்கான்சின் மாநிலத்தைச் சேர்ந்த ஃபில் காட்ஸ் என்னும் நிரலாளர் அதனினும் விரைவாக இயங்கும் பி.கே.ஆர்க் என்னும் நிரலை உருவாக்கினார். மூலநிரல் எடுத்தாளப்பட்டது எனக் கூறி முதல் நிறுவனம் 1988-இல் வழக்குத் தொடுத்தது. அதே ஆண்டில் உடன்பாடு ஏற்பட்டு, காட்ஸ் ஆர்க் வடிவத்தைக் கைவிட்டார்.

அவர் 1989-இல் பி.கே.ஜிப் என்னும் புதிய நிரலை வெளியிட்டார். நிரலைவிடவும் நீண்ட வாழ்வு பெற்றது அதனுடன் வந்த விவரக்குறிப்பேயாகும். ஜிப் கோப்பின் ஒவ்வொரு பைட்டும் எதைக் குறிக்கிறது என்பதை விளக்கும் உரைக்கோப்பு ஒன்றைக் காட்ஸ் பொதுவில் வைத்தார். எவரும் அவ்வடிவத்தைப் படிக்கவும் எழுதவும் நிரல் இயற்றலாம் என்றாயிற்று. அதனைக் கொண்டு தன்னார்வலர் குழுவான இன்ஃபோ-ஜிப் பல இயங்குதளங்களுக்கு ஏற்ற கட்டற்ற நிரல்களை இயற்றியது. காட்ஸ் 2000-ஆம் ஆண்டு தம் 37-ஆம் வயதில் மறைந்தார். அவரது வடிவத்துக்கு அதனால் எக்குறையும் நேரவில்லை. 2001-இல் விண்டோஸ் எக்ஸ்பி இயங்குதளத்திலேயே ஜிப் கோப்பைத் திறக்கும் வசதி அமைந்திருந்தது.

ஜிப்பின் உள்ளமைப்பிலும் மிகைமைக்கு இடமுண்டு. கோப்பின் இறுதியில் உள்ளடக்கப் பட்டியல் ஒன்று அமைந்திருக்க, ஒவ்வோர் உறுப்புக் கோப்புக்கும் முன்னால் அதன் தலைப்பு மீண்டும் எழுதப்படுகிறது. இது கூறியது கூறல் போலத் தோன்றினும், இறுதிப் பட்டியல் அழிந்தபோது உள்தலைப்புகளைக் கொண்டு அதனை மீளமைக்க உதவுகிறது. ஒவ்வோர் உறுப்பும் தனித்தனியே சுருக்கப்படுவதால் ஒன்றின் பழுது மற்றொன்றைத் தீண்டுவதில்லை.

3. காப்புரிமையும் திறந்த வடிவமும்

டெர்ரி வெல்ச் 1984-இல் லெம்பல்–ஜிவ் முறையின் எளிய வடிவம் ஒன்றை வெளியிட்டார். எல்.இசட்.டபிள்யூ எனப்பட்ட அம்முறையை யூனிக்ஸின் கம்ப்ரெஸ் கருவியும், 1987-இல் கம்ப்யூசெர்வ் நிறுவனம் வெளியிட்ட ஜிஃப் படவடிவமும் ஏற்றன. அம்முறைக்கு 1985-இல் காப்புரிமை வழங்கப்பட்டிருந்தது. ஸ்பெர்ரி நிறுவனத்தின் அவ்வுரிமை, 1986-ஆம் ஆண்டு இணைப்பின் வழி யூனிசிஸ் நிறுவனத்தைச் சேர்ந்தது. 1994 டிசம்பரில் ஜிஃப் வடிவத்தைக் கையாளும் மென்பொருள்கள் உரிமக் கட்டணம் செலுத்த வேண்டும் என்னும் அறிவிப்பு வெளியானபோது பலரும் திகைத்தனர். பல்லாண்டுகளாகப் பொதுச்சொத்து எனக் கருதப்பட்ட ஒரு வடிவம் தனியுடைமை சார்ந்தது என்பது அப்போதே பரவலாகத் தெரியவந்தது. அமெரிக்காவில் அக்காப்புரிமை 2003 ஜூன் மாதத்தில் காலாவதியாயிற்று.

இதற்கு எதிர்வினையாகவே இன்றும் நிலைத்துள்ள கருவிகள் சில தோன்றின. ஜான்-லூ கையி, மார்க் அட்லர் ஆகியோர் க்னூ திட்டத்துக்காக இயற்றிய ஜிஜிப், 1992 அக்டோபர் 31 அன்று வெளியானது. காட்ஸ் வகுத்த டிஃப்ளேட் என்னும் சுருக்கமுறையை அது கொண்டது. கம்ப்ரெஸ் கருவியின் பழைய கோப்புகளை விரிக்கும் ஆற்றலையும் அது தன்னுள் வைத்திருந்தது. புதிய கருவி பழையதை விலக்கும்போதே அதன் கோப்புகளையும் படிக்கவல்லதாக இருந்தமை ஆவணக்காப்பு நோக்கில் போற்றத்தக்கது. டிஃப்ளேட் முறையும் அதன் இரு உறை வடிவங்களும் 1996 மே மாதத்தில் ஆர்.எஃப்.சி. 1950, 1951, 1952 என்னும் இணையப் பொது ஆவணங்களாக வெளியாயின. ஜிஃப்புக்கு மாற்றாக 1996-இல் வந்த பிஎன்ஜி படவடிவமும் டிஃப்ளேட் முறையையே ஏற்றது.

காப்புரிமைச் சிக்கல் வட்டு முழுவதையும் சுருக்கும் மென்பொருள்களிலும் எழுந்தது. மைக்ரோசாஃப்ட் 1993-இல் எம்.எஸ்.-டாஸ் 6.0 பதிப்புடன் டபுள்ஸ்பேஸ் என்னும் கருவியை வழங்கியது. அது வட்டிலுள்ள அனைத்தையும் சுருக்கி ஒரே பெருங்கோப்பாக்கியது. அப்பெருங்கோப்பில் நேரும் பழுது வட்டு முழுவதையும் பாதிக்கும் நிலை உருவானதால், அதே ஆண்டில் வந்த 6.2 பதிப்பில் பாதுகாப்புச் சோதனைகள் சேர்க்கப்பட்டன. ஸ்டாக் எலெக்ட்ரானிக்ஸ் தொடுத்த காப்புரிமை வழக்கில் 1994 பிப்ரவரியில் நடுவர்குழு 12 கோடி டாலர் இழப்பீடு விதித்தது. பின்வந்த 6.21 பதிப்பு அக்கருவியின்றியே வெளியாயிற்று. ஓர் இயங்குதளத்தின் அடுத்த பதிப்பிலேயே இல்லாமற்போகக்கூடிய முறையில் ஆவணத்தை வைத்தல் எத்தகையது என்பதற்கு இந்நிகழ்வு சான்றாகும்.

4. சுருக்க விகிதப் போட்டி

1990-களின் நடுப்பகுதி முதல் போட்டி கோப்பின் அளவை நோக்கித் திரும்பியது. மைக்கேல் பரோஸ், டேவிட் வீலர் ஆகியோர் 1994-இல் வெளியிட்ட உருமாற்ற முறையைக் கொண்டு ஜூலியன் சீவர்ட் 1996-இல் பிஜிப்2 நிரலை இயற்றினார். ரஷ்யாவைச் சேர்ந்த யூஜின் ரோஷல் 1993-இல் வெளியிட்ட ரார், விகிதத்திலும் வசதியிலும் ஜிப்பை விஞ்சியது. இகோர் பாவ்லவ் 1999-இல் செவன்-ஜிப் மென்பொருளை வெளியிட்டார். டிஃப்ளேட் முறை 32 கிலோபைட்டு தொலைவு வரையே பின்னோக்கிப் பார்க்கும். செவன்-ஜிப்பின் எல்இசட்எம்ஏ முறையோ பல மெகாபைட்டுகளும் அதற்கு மேலும் பின்னோக்கிப் பார்க்கவல்லது. அதனால் ஒத்த உள்ளடக்கமுடைய கோப்புகளை அது மிகச் சிறிதாக்கியது.

இந்த ஆதாயத்துக்கு ஒரு விலை இருந்தது. ரார், செவன்-ஜிப் ஆகியவற்றில் பல கோப்புகளை ஒரே தொடராகக் கருதிச் சுருக்கும் முறை உண்டு. இரண்டாம் கோப்பு முதற்கோப்பைச் சுட்டியே விரிவதால் விகிதம் உயர்கிறது. ஆனால் முதற்கோப்பின் பழுது அதனைத் தொடர்ந்து வருபவற்றையும் கெடுக்கிறது. டார் கோப்பை ஜிஜிப்பால் சுருக்குவதிலும் இதே சார்பு உள்ளது. ஜிப்பின் குறையாகக் கருதப்பட்ட தனித்தனிச் சுருக்கம், காப்பகத்தில் நிறையாவது இதனாலேயே.

அறிவின் நிலையிலும் வேறுபாடு காணப்பட்டது. ராரை விரிக்கும் மூலநிரல் வெளியிடப்பட்டிருப்பினும், அதனைக் கொண்டு ரார் சுருக்கமுறையை மீளுருவாக்குதல் உரிமத்தால் தடுக்கப்பட்டுள்ளது. செவன்-ஜிப் கட்டற்ற உரிமத்தில் வந்தது. எல்இசட்எம்ஏ நிரல்தொகுப்பு 2008-இல் பொதுவுடைமையாக்கப்பட்டது. விகிதத்தில் இவை அண்மையில் இருப்பினும், நாளை ஒரு நிறுவனம் மறைந்தால் இவற்றின் நிலை ஒன்றாக இராது.

5. நீக்கிய மிகைமையை மீளச் சேர்த்தல்

சேமிப்பு ஊடகங்கள் மிகைமையின் தேவையைத் தொடக்கத்திலேயே உணர்ந்திருந்தன. தரவுக் குறுவட்டின் ஒவ்வொரு வட்டக்கூறும் 2,352 பைட்டு அளவுடையது. அதில் பயனருக்குரியவை 2,048 பைட்டுகள் மட்டுமே; 276 பைட்டுகள் பிழைதிருத்தத்துக்கு என ஒதுக்கப்பட்டுள்ளன. கீறல் விழுந்த வட்டும் பல வேளைகளில் பிழையின்றிப் படிக்கப்படுவதற்கு இவ்வகை ரீட்–சாலமன் குறியீடுகளே காரணம். எனினும் அவற்றின் ஆற்றலுக்கும் எல்லை உண்டு. அவ்வெல்லையைக் கடந்த பழுது சுருக்கிய கோப்பை அடையும்போது, அதனைத் தாங்குவதற்கான மிகைமை கோப்புக்குள் இல்லை. ஜிப், ஜிஜிப் ஆகியவற்றிலுள்ள சரிபார்ப்புத்தொகை பழுது நேர்ந்ததை அறிவிக்கும்; அதனைத் திருத்தாது.

இக்குறையை நிரப்பச் சில வழிகள் தோன்றின. ரார் மென்பொருள் மீட்புப் பதிவு என்னும் கூடுதல் தரவைக் கோப்புடன் இணைக்க வழிசெய்தது. பார்2 என்னும் முறை எவ்வகைக் கோப்புக்கும் தனியே ரீட்–சாலமன் மீட்புக்கோப்புகளை உருவாக்குகிறது. எத்தனை விழுக்காடு மிகைமை வேண்டும் என்பதைப் பயனரே முடிவுசெய்யலாம். பிஜிப்2 கோப்பு 900 கிலோபைட்டுக்கு மேற்படாத தொகுதிகளாகப் பிரிக்கப்பட்டுள்ளது. ஒவ்வொரு தொகுதியின் தொடக்கத்திலும் வட்டத்தின் சுற்றளவு விகிதமாகிய 3.14159265359 என்னும் மதிப்பின் பன்னிரண்டு இலக்கங்கள் அடையாளமாகப் பொறிக்கப்படுகின்றன. பழுதான கோப்பில் அவ்வடையாளங்களைத் தேடிக் கண்டு, நல்ல தொகுதிகளைப் பிரித்தெடுக்கும் துணைக்கருவியும் அதனுடன் வழங்கப்படுகிறது.

அன்டோனியோ டியாஸ் டியாஸ் 2008 முதல் உருவாக்கிவரும் எல்ஜிப், எல்இசட்எம்ஏ முறையை எளிய உறையில் வைக்கிறது. அதன் மீட்புக்கருவி, வெவ்வேறு இடங்களில் பழுதுற்ற இரு படிகளை ஒப்பிட்டு, இரண்டிலும் உள்ள நல்ல பகுதிகளைச் சேர்த்துப் பிழையற்ற ஒரு படியை ஆக்கவல்லது. பல சுவடிகளைக் கொண்டு பாடம் காணும் பதிப்பியல் நெறியை நினைவூட்டும் இவ்வழி, ஒன்றுக்கு மேற்பட்ட படிகள் இருந்தால் மட்டுமே பயன்படும்.

பெரிய அளவிலான காப்பகங்கள் வடிவத்தின் அமைப்பிலேயே இவ்வெச்சரிக்கையை வைத்துள்ளன. இணையப்பக்கங்களைக் காக்கும் வார்க் வடிவம் 2009-இல் ஐ.எஸ்.ஓ. 28500 என்னும் தரமாயிற்று. அதில் ஒவ்வொரு பக்கப் பதிவும் தனித்தனியே ஜிஜிப்பால் சுருக்கப்படுவது வழக்கம். முழுவதையும் ஒன்றாகச் சுருக்கினால் இடம் இன்னும் மிஞ்சும். ஆனால் ஒரு பதிவைப் படிக்க முன்னுள்ள அனைத்தையும் விரிக்க வேண்டிவரும். ஓரிடத்துப் பழுது அனைத்துக்கும் பரவும். அவ்விடச் சிக்கனம் அறிந்தே கைவிடப்பட்டுள்ளது.

6. தமிழ்ப் பனுவல்களும் பைட்டுக் கணக்கும்

வடிவத்தைப் பற்றிய அறிவு மறைந்தால் கோப்பு முழுமையாக இருந்தும் பயன்படாது என்பதைத் தமிழ்க் கணிமையின் வரலாறே காட்டுகிறது. 1990-களில் தமிழ் எழுத்துருக்கள் பலவும் தத்தமக்கெனக் குறியேற்றங்களைக் கொண்டிருந்தன. எழுத்துரு கிடைக்காதபோது பனுவல் பொருளற்ற குறிகளின் கோவையாகக் காட்சியளித்தது. 1999-இல் தமிழ்நாடு அரசு டாம், டாப் ஆகிய குறியேற்றங்களை ஏற்றது; இணையத்தில் திஸ்கி பரவியது; 2010-இல் ஒருங்குறியும் டேஸ்16-உம் அரசின் தரங்களாயின. 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டம் தன் மின்னூல்களைத் திஸ்கியிலும் பின்னர் ஒருங்குறியிலும் வழங்கி, பனுவல்கள் ஒரு குறியேற்றத்தோடு முடங்காமல் காத்தது.

ஒருங்குறியைக் குறித்து எழுந்த தயக்கங்களுள் ஒன்று அளவு பற்றியதாகும். திஸ்கி போன்ற எட்டுப்பிட்டுக் குறியேற்றங்களில் ஒவ்வொரு வரிவடிவமும் ஒரு பைட்டு, யூ.டி.எஃப்.-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியிடமும் மூன்று பைட்டு. எனவே பனுவல் பெருகும் என்பது கணக்களவில் உண்மையே. ஆனால் அம்மூன்று பைட்டுகளில் முதலாவது தமிழ்க் குறிகள் அனைத்துக்கும் 224 என்னும் ஒரே மதிப்புடையது. இரண்டாவது 174 அல்லது 175 என்னும் இரு மதிப்புகளுள் ஒன்றாகவே அமையும். வேறுபடுத்தும் செய்தி பெரும்பாலும் மூன்றாம் பைட்டிலேயே உள்ளது. இத்தகைய ஊகிக்கத்தக்க பகுதியை நீக்குவதே சுருக்க மென்பொருளின் வேலை. ஆகவே, சுருக்கிய நிலையில் இரு குறியேற்றங்களுக்கும் இடையிலான இடைவெளி பெரிதும் குறைகிறது.

இதிலிருந்து பெறப்படுவது யாதெனில், இடம் மிச்சமாகும் என்பதற்காகப் பழைய எழுத்துருக் குறியேற்றத்தில் பனுவலை வைத்திருப்பதற்குச் சுருக்கத்தின் காலத்தில் காரணமில்லை. பலரும் அறிந்த குறியேற்றத்தில் பனுவலை எழுதி, பலரும் அறிந்த முறையால் அதனைச் சுருக்குவதே இரு நிலைகளிலும் பாதுகாப்பானது.

7. பேணுவோரின் நிலையில் மிகைமை

வடிவம் திறந்ததாக இருப்பினும், அதனைப் பேணுவோர் ஒருவரே எனில் புதுவகை இடர் எழும் என்பதை 2024-ஆம் ஆண்டு நிகழ்வு உணர்த்தியது. எல்இசட்எம்ஏ முறையைக் கொண்ட எக்ஸ்.இசட் கருவியை ஃபின்லாந்தைச் சேர்ந்த லாசே காலின் 2009 முதல் ஊதியமின்றி, பெரும்பாலும் தனியொருவராகவே பேணிவந்தார். லினக்ஸ் வழங்கல்கள் பலவும் தம் மென்பொருள் தொகுப்புகளைச் சுருக்க அதனை ஏற்றிருந்தன. ஜியா டான் என்னும் பெயரில் இயங்கியவர் ஈராண்டுகளுக்கும் மேலாகப் பங்களித்து நம்பிக்கை பெற்று, வெளியீட்டுப் பொறுப்பையும் அடைந்தார். 5.6.0, 5.6.1 ஆகிய பதிப்புகளில் தொலைவிலிருந்து கணினிக்குள் புகுவதற்கான மறைவாயில் ஒன்று வைக்கப்பட்டது. தொலைநுழைவு ஏறத்தாழ அரைநொடி தாமதமாவதைக் கண்டு ஐயுற்ற ஆண்ட்ரெஸ் ஃபிராயிண்ட் என்னும் நிரலாளர் 2024 மார்ச் 29 அன்று அதனை வெளிப்படுத்தினார்.

மூலநிரல் திறந்திருந்ததாலேயே அவரால் அதனை ஆராய முடிந்தது. அதே வேளையில், பெரும் கட்டமைப்பு ஒன்று ஒரு தனிமனிதரின் உழைப்பின்மீது நின்றமையே அவ்வூடுருவலுக்கு வழிவிட்டது. சுருக்கிய கோப்பின் வடிவம் இந்நிகழ்வால் பழுதுறவில்லை. அதனைத் திறக்கும் கருவியின்மீதான நம்பிக்கையே பழுதுற்றது. அவ்வடிவத்தைத் திறக்க வேறு கருவிகளும் இருந்ததால் ஆவணங்கள் அடைபட்டுப்போகவில்லை. ஒரே வடிவத்துக்குப் பலர் தனித்தனியே இயற்றிய நிரல்கள் இருத்தல் மிகைமையின் மூன்றாம் நிலை எனக் கருதலாம்.

8. தேர்வுக்கான அளவுகோல்கள்

அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் எண்ணிம வடிவங்களின் நீடிப்பை மதிப்பிட ஏழு கூறுகளை வகுத்துள்ளது. விவரக்குறிப்பு வெளிப்படையாக இருத்தல், பரவலாக ஏற்கப்பட்டிருத்தல், எளிய கருவிகளால் ஆராயத்தக்கதாய் இருத்தல், தன்விளக்கம் கொண்டிருத்தல், புறச்சார்பு, காப்புரிமையின் தாக்கம், தொழில்நுட்பப் பூட்டுகள் என்பன அவை. சுருக்க விகிதம் இவற்றுள் இடம்பெறவில்லை. 2015-இல் வந்த ஐ.எஸ்.ஓ./ஐ.இ.சி. 21320-1 தரம், ஆவண உறையாகப் பயன்படும் ஜிப்பின் வரையறையை வேண்டுமென்றே குறுக்கியது. சுருக்காமல் வைத்தல், டிஃப்ளேட் முறையில் சுருக்குதல் ஆகிய இரண்டை மட்டுமே அது ஏற்கிறது. மறையாக்கத்தையும் பல வட்டுகளில் பிரித்துவைத்தலையும் அது விலக்குகிறது. புதிய முறைகள் விகிதத்தில் விஞ்சியிருந்த காலத்தில் பழைய முறையையே தரமாக்கியமை கருதத்தக்கது.

மேற்கண்ட வரலாற்றின் அடிப்படையில் ஆய்வுத்துறைகளும் நூலகங்களும் பின்வரும் நெறிகளைக் கொள்ளலாம்.

முதலாவதாக, எதைச் சுருக்குவது என்பதை எண்ண வேண்டும். ஜேபெக் படங்களும் எம்பி3 ஒலிகளும் முன்பே சுருக்கப்பட்டவை. மீண்டும் சுருக்குவதால் இடம் மிஞ்சுவதில்லை, சார்பு மட்டுமே கூடுகிறது. அவற்றைச் சுருக்காமல் டார் அல்லது ஜிப்பில் கட்டிவைத்தலே போதும். இரண்டாவதாக, உரைக்கோப்புகளுக்கு டிஃப்ளேட் முறையிலான ஜிப் அல்லது ஜிஜிப் போதுமானது. பெருந்தொகுப்புகளை ஒரே கோப்பாக்காமல் நூல்வாரியாகவோ சுவடிவாரியாகவோ பிரித்துக் கட்டினால் பழுது பரவாது. மூன்றாவதாக, கடவுச்சொல் இடுதலைத் தவிர்த்தல் நன்று. கடவுச்சொல் மறந்த காப்பு அழிந்த காப்புக்கு ஒப்பாகும். நான்காவதாக, சரிபார்ப்புத்தொகைப் பட்டியலையும் பார்2 மீட்புக்கோப்புகளையும் உடன்வைத்து, வெவ்வேறு ஊடகங்களில், வெவ்வேறு இடங்களில் படிகளைப் பேண வேண்டும். ஐந்தாவதாக, உருவாக்கிய கோப்பை வேறொருவர் இயற்றிய மென்பொருளால் வேறொரு கணினியில் திறந்து பார்த்தபின்னரே மூலத்தை அகற்றுவது பற்றி எண்ண வேண்டும்.

முடிவுரை

1977-க்குப் பின்வந்த சுருக்க மென்பொருள்களின் வரலாறு பெரும்பாலும் விகிதத்தின் வரலாறாகவே கூறப்படுகிறது. ஆவணக்காப்பு நோக்கில் அதனை மீள்வாசிக்கும்போது வேறொரு வரிசை புலப்படுகிறது. ஆர்க் வழக்கில் முடிந்தது. விவரக்குறிப்பை வெளியிட்ட ஜிப் தன் ஆசிரியருக்குப் பின்னும் வாழ்கிறது. எல்.இசட்.டபிள்யூ காப்புரிமையால் ஒதுக்கப்பட்டது. பொது ஆவணமாகிய டிஃப்ளேட் மின்னூல்களிலும் படங்களிலும் அலுவலகக் கோப்புகளிலும் ஊடுருவி நிற்கிறது. எக்ஸ்.இசட் நிகழ்வு, திறந்த வடிவத்துக்கும் பேணுவோர் பலர் தேவை என்பதைக் காட்டியது.

பிட்டுகளில் மீட்புத்தரவு, அறிவில் வெளிப்படையான விவரக்குறிப்பு, மனிதரில் பல கைகள் ஆகிய மூன்று நிலைகளிலும் மிகைமை உள்ள வடிவமே காப்புக்கு உரியது. சில மெகாபைட்டுகளை மிச்சப்படுத்தும் மென்பொருளை விடுத்து இம்மூன்றையும் தரும் எளிய மென்பொருளைத் தேர்தல், ஒரு வட்டின் விலையைக் கூட்டலாம். அவ்விலை மூலம் ஒன்றை இழப்பதன் விலையைவிட எப்போதும் குறைவே.